முப்பது மாத லீவு

பிராட்ஃபோர்டில் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே
வழக்கறிஞரின் அறை.
எனக்கு மணிக்கு இருபத்திரண்டு பவுண்,
பஸ் காசு தனி.
இரண்டு மொழிக்கு நடுவே நாற்காலி போட்டு
அதில் நான் இல்லாததுபோல் இருப்பதற்கு.

எதிரே குகநேசன்.
மடியில் ஒரு பழுப்பு உறை,
சூடான பாத்திரத்தைப் பிடிப்பதுபோல
விரல் நுனியால் பிடித்திருக்கிறார்.
ஹாரியட் வாங்கிப் பிரித்து வாசிக்கிறாள்:
உங்களுக்கு லீவ் கிடைத்திருக்கிறது.
நான் வாய் திறக்கும் முன்னே
அந்த ஒரு சொல்லை அவர் பிடித்துக்கொண்டார்.
"போகச் சொல்லுறாங்களோ?"

இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது.
ஆகவே அவர் பயத்தை
முதலில் ஆங்கிலத்தில் ஹாரியட்டிடம் கொடுத்தேன்.
அவள் சிரித்தாள், நோ நோ என்றாள்.
அதைத் தமிழில் திருப்பிக் கொடுத்தேன்,
சிரிப்பைத் தவிர.

லீவ் என்றால் போ.
லீவ் என்றால், போகாமல் இருக்கலாம் என்று
உள்துறை தரும் அனுமதி.
வாசல் கதவில் 'தள்ளு' 'இழு' இரண்டையும்
ஒரே பலகையில் எழுதியவர்கள்
சாவகாசமாகத் தேநீர் குடிக்கப் போயிருக்கவேண்டும்.
என் பக்கத்து வீட்டு யன்னலில்
அந்தச் சொல் வாக்கெடுப்புக் காலத்திலிருந்து ஒட்டியிருக்கிறது.
சிவப்பு வெளுத்து இப்போது முரசு நிறம்; பல்லில் தெரிகிற ஈறு நிறம்.
ஐரோப்பாவுக்கா எனக்கா என்று நான் கேட்டதில்லை.
டெரெக் நல்ல மனுஷன்.
வியாழக்கிழமைகளில் என் குப்பைத்தொட்டியையும் சேர்த்து
வெளியே வைப்பான்.

மார்ச்சில், விசாரணையில்,
அரசுத் தரப்பு ஒரே மூச்சில் இரண்டு லெஃப்ட் போட்டது:
நீங்கள் லெஃப்ட் ஆனபோது
அங்கே லெஃப்ட் ஆக இருந்தது யார்?
நான் முதலாவதை வெளிக்கிட்டது என்றும்
இரண்டாவதை மிஞ்சியது என்றும் பிரித்தேன்.
குகநேசன் நெடுநேரம் யோசித்தார்.
"தண்ணி மோட்டர்" என்றார்.
யார் என்று கேட்டதற்கு அது பதிலாகாது.
திருத்துவது என் வேலையில்லை.
வாட்டர் பம்ப், என்றேன்.
நீதிபதி எழுதிக்கொண்டார்.

அன்றிரவு நித்திரை வராமல்
நம் பக்கத்துச் சொல்லையும் தட்டிப் பார்த்தேன்.
விடு என்றால் கையை எடு.
விட்டுவிடு என்றால்
இரண்டாம் விடு முதலாம் விடுவை வெளியே தள்ளிக்
கதவைச் சாத்துகிறது.
விடுப்பு, அலுவலகத்தில் லீவு;
எங்கள் பக்கத்திலோ
வேலிக்கு மேலால் அடுத்தவன் சண்டையைப் பார்ப்பது.
கொஞ்சம் இழுத்துச் சொன்னால் வீடு.
அறம், பொருள், இன்பம் தாண்டி வருகிற வீடும் அதுதான்,
மோட்டர் மட்டும் மிஞ்சிய வீடும் அதுதான்.
முன்னதற்கு இன்னும் விண்ணப்பப் படிவம் வரவில்லை.

முப்பது மாதம், என்கிறாள் ஹாரியட்.
"முப்பது மாசம்."
"அதுக்குப் பிறகு?"
கேள்வியைக் கொடுத்தேன்.
அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள்.
இன்றைக்கு இதோடு லீவ் பண்ணுவோம், என்றாள்.
தமிழில் அதை, "இன்றைக்கு இவ்வளவு போதுமாம்" என்றேன்.
உறையைக் கவனமாக மடித்தார்;
சேட்டுப் பைக்குள் போகவில்லை, விரித்தார்,
வேறு மாதிரி மடித்தார்.

ரெயில் நிலையத்தில் அறிவிப்பு:
லீவ்ஸ் ஒன் த லைன்.
தண்டவாளத்தில் சருகு வழுக்குகிறது,
கீத்லி ரெயின் இப்போதைக்குப் புறப்படாது.
மேடையின் அந்த முனையில் குகநேசன்.
வெளியில் கதைக்கக்கூடாது என்பது தொழில் விதி.
சிப்ஸ் மெஷினைப் படித்துக்கொண்டு நின்றேன்.
அவர் கிட்ட வந்தார்.

"அக்கா, ரெயினுக்கும் லீவு குடுத்திட்டாங்களோ?"

சிரித்துவிட்டேன்.
அதற்கு யாரும் காசு தரமாட்டார்கள்.
"எத்தினை மாசத்துக்காம்?"
என்று கேட்டேன்.